விலைபேசாத துயரம்
அரபு இரங்கற்பாக்களில் பிள்ளையை இழந்த பெற்றோர்

சில ஆண்டுகளுக்கு முன் எம் உறவினர் ஒருவரின் இல்லத்தில் பத்து வயது மகன் வஃபாத்தானான். ஜனாஸா பள்ளிவாசலுக்குப் புறப்பட்டபின் தாயார் உள்ளறையில் அமர்ந்து, மகனின் பள்ளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அவனோடு பேசிக்கொண்டிருந்தார். ஓலமிடவில்லை, மார்பில் அறைந்துகொள்ளவுமில்லை. காலையில் சாப்பிடாமல் போனாயே, போர்வை வேண்டாம் என்றாயே என்பன போன்ற சின்னஞ்சிறு கேள்விகளையே கேட்டுக்கொண்டிருந்தார். சூழ இருந்த பெரியவர்கள், "ஸபர் செய், மகளே! பிள்ளை உனக்குச் சுவனத்தில் இடம்பிடித்து வைத்திருக்கிறான், இப்படிப் பேசி அந்த நன்மையை இழந்துவிடாதே" என்றனர். அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். அதன்பின் மகனின் பெயரை அவர் வாயால் கேட்டவர் எவருமில்லை. எவ்வளவு பொறுமைசாலி என்று ஊர் அவரைப் புகழ்ந்தது. அந்தப் புகழ்ச்சி சரியானதுதானா என்னும் ஐயம் இன்றளவும் நம்மை விட்டு அகலவில்லை.

பொறுமை ஈமானின் பெரும் பண்பு என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. நம் கேள்வி வேறு. பொறுமை என்பது பேசாதிருத்தல்தானா? பிள்ளையை இழந்த தந்தையும் தாயும் தம் துயரத்தைச் சொல்லுக்குக் கொண்டுவருவதை நம் மரபு உண்மையிலேயே தடுத்திருக்கிறதா? இதற்கு விடைதேடச் சட்ட நூல்களை மட்டும் புரட்டினால் போதாது. இலக்கியத்தையும் கேட்க வேண்டும். இறந்தோரைப் பாடும் பாடலை அரபியர் 'மர்ஸிய்யா' என்பர்; அவ்வகை முழுவதற்கும் 'ரிஸா' என்று பெயர். தமிழின் கையறுநிலையைப் போன்றே அதிலும் தலைவரையும் வீரரையும் பாடியவையே மிகுதி. பெற்ற பிள்ளையைப் பாடியவை குறைவு. ஆனால் காலத்தை வென்று நிற்பவற்றில் அவையே முன்னிற்கின்றன.

அண்ணலாரின் கண்ணீர்

கவிதைகளுக்குள் நுழையுமுன் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்தல் தகும். அன்னை மாரியா (ரலி) அவர்களுக்குப் பிறந்த இப்ராஹீம், ஹிஜ்ரி 10இல், ஏறத்தாழ ஒன்றரை வயதில் உயிர்நீத்தார். பாலூட்டிய செவிலியின் கணவரான கொல்லர் அபூ ஸைஃபின் இல்லத்தில் அக்குழந்தை இறுதி மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. தாங்களுமா அழுகிறீர்கள் என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வியந்து கேட்டார். இது இரக்கம் என்றார்கள் அண்ணலார். கண் அழுவதையும் நெஞ்சு வருந்துவதையும் ஒப்புக்கொண்டு, இறைவனுக்கு உவப்பற்ற சொல்லை மட்டும் தாம் சொல்வதில்லை என்றார்கள். அதன்பின் மகனையே பெயர்சொல்லி விளித்து, உன் பிரிவால் நாங்கள் துயருற்றிருக்கிறோம் என்றார்கள். ஸஹீஹுல் புகாரியில் அனஸ் (ரலி) வழியாக வரும் செய்தி இது.

இதில் நாம் கவனிக்கத் தவறுவது அந்தக் கடைசிப் பகுதியை. மார்க்க விளக்கத்தோடு பேச்சு முடிந்துவிடவில்லை. அது பிள்ளையை நோக்கித் திரும்புகிறது. விடைபெறும் மகனைத் தந்தை பெயரிட்டு அழைக்கிறார். மகனோடு பேசியதற்காக நம் உறவுப் பெண்மணியைத் தடுத்தவர்கள் இந்த விளிச் சொல்லை மறந்துவிட்டார்கள்.

இதே நாளையொட்டி இன்னொரு செய்தியும் உண்டு. அன்று கதிரவன் கிரகணமுற்றது. இப்ராஹீமின் மரணத்துக்காகவே கதிரவன் இருண்டது என மக்கள் பேசிக்கொண்டனர். கதிரவனும் திங்களும் இறைவனின் சான்றுகள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்று நபிகளார் (ஸல்) மறுத்துரைத்தார்கள். கவிஞர் எவராயினும் அந்தக் கிரகணத்தை விட்டிருக்கமாட்டார். தந்தையோ தம் துயரை ஒப்புக்கொண்டு, பிரபஞ்சமும் தம்மோடு துக்கம் கொண்டாடுகிறது என்னும் மிகையை மட்டும் ஏற்க மறுத்தார். துயரத்தைச் சொல்லலாம், அதைக் கொண்டு உலகைத் திரித்துச் சொல்லலாகாது என்னும் இந்த வரம்பு, பின்வரும் கவிதைகளை மதிப்பிட நமக்கு உதவும்.

ஐந்து மைந்தரை இழந்தவர்

ஹுதைல் குலத்து அபூ துஐப், அறியாமைக் காலத்தையும் இஸ்லாமியக் காலத்தையும் ஒருங்கே கண்டவர். கொள்ளைநோயில் ஒரே ஆண்டில் ஐந்து மைந்தரைப் பறிகொடுத்தார் என்பது மரபுச் செய்தி. 'அய்ன்' எழுத்தை இயைபாகக் கொண்ட அவருடைய மர்ஸிய்யா, முஃபள்ளலிய்யாத் தொகுப்பின் இறுதியில் இடம்பெற்றுள்ளது. அறுபதுக்கும் மேற்பட்ட கண்ணிகளைக் கொண்ட நெடும்பாடல் அது.

உன் உடல் ஏன் இப்படி மெலிந்தது, உன் படுக்கை ஏன் உனக்கு ஒவ்வாமற் போயிற்று என்று ஒரு பெண் கேட்பதாகப் பாடல் தொடங்குகிறது. தந்தை விடை சொல்கிறார். மைந்தர் ஒருவர்பின் ஒருவராகச் சென்றனர். தமக்கு மிஞ்சியவை உறக்கமின்மையும் வற்றாத கண்ணீருமே. மரணம் தன் நகங்களைப் பதித்துவிட்டால் எந்தத் தாயத்தும் பயன்படாது என்னும் புகழ்பெற்ற கருத்து இப்பகுதியில்தான் வருகிறது. பின்னர் பாடல் மைந்தரை விட்டு விலகிவிடுகிறது. வேடனின் அம்புக்கு இரையாகும் காட்டுக் கழுதையும் அதன் பிணைகளும், நாய்களோடு போராடி வேடனின் அம்பால் வீழும் காட்டு எருது, ஒருவரையொருவர் குத்தி மாய்க்கும் கவசம் பூண்ட இரு வீரர் என மூன்று நெடுங்காட்சிகள் தொடர்கின்றன. காலத்தின் கையிலிருந்து எதுவும் தப்புவதில்லை என்னும் ஒரே கருத்து ஒவ்வொரு காட்சிக்கும் முகப்பாக நிற்கிறது.

இதை மரபான வருணனைச் சுமை எனக் கருதுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஐந்து மைந்தரைப் பற்றி நேரடியாகப் பேசத் தொடங்கிய தந்தைக்குச் சில கண்ணிகளுக்கு மேல் பேச இயலவில்லை. நேரில் சொல்ல முடியாததை அவர் விலங்குகள்மீது ஏற்றிச் சொல்கிறார். பிணைகளோடு நீர்த்துறைக்கு வந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சாயும் கழுதைக் கூட்டத்தில் அவருடைய வீடு தெரிகிறது. ஆயினும் பாடலில் ஒரு குறை உண்டு. ஐவரில் ஒருவரின் முகமும் நமக்குத் தெரிவதில்லை. ஒருவரின் பெயரோ, குறும்போ, குரலோ எஞ்சவில்லை. பண்டைத் தந்தையின் துயரம் விதியோடு வழக்காடுகிறதே அல்லாமல், பிள்ளையோடு பேசுவதில்லை.

இந்தப் பாடலின் செல்வாக்கை விளக்கும் ஒரு நிகழ்ச்சியைக் கிதாபுல் அகானீ கூறுகிறது. அப்பாஸிய கலீஃபா அல்-மன்சூர், மகன் ஜஅஃபரை அடக்கம் செய்து மாளிகைக்குத் திரும்பியதும், இந்தப் பாடலைத் தமக்கு ஓதிக்காட்ட ஆள்தேடச் சொன்னார். குழுமியிருந்த ஹாஷிமியக் குடும்பத்தார் எவருக்கும் அது தெரியவில்லை. என் மகனை இழந்ததைவிட இவர்களில் ஒருவருக்கும் இக்கவிதை தெரியாதது எனக்குப் பெருந்துயரம் என்றாராம் கலீஃபா. இறுதியில் முதிய ஆசிரியர் ஒருவர் கிடைத்தார். பேரரசின் தலைவருக்கும் அந்நேரத்தில் தேவைப்பட்டது தம்மைப் போன்று இழந்த ஒருவரின் சொல்லே.

பாக்தாதின் தந்தை

பிள்ளையின் முகம் அரபுக் கவிதையில் தெளிவாகத் தெரிவது இப்னுர் ரூமீயிடத்தில்தான். ஹிஜ்ரி 221 முதல் 283 வரை (836–896) பாக்தாதில் வாழ்ந்த இவர், வசைப்பாடலுக்கும் நுண்ணிய வருணனைக்கும் பெயர்பெற்றவர். மூன்று மைந்தரையும் அடுத்தடுத்து இழந்தார். நடு மகனான முஹம்மதைப் பற்றி 'தால்' இயைபில் அவர் பாடியது, பிள்ளைகளைப் பாடிய மர்ஸிய்யாக்களுள் தலையாயதென நாம் கருதுகிறோம்.

தம் இரு கண்களையும் விளித்து, அழுவதால் பயனில்லை எனினும் ஆறுதல் உண்டு, ஆகவே வாரிவழங்குங்கள் என வேண்டித் தொடங்குகிறார். மாலையின் நடுமணியைத் தேர்ந்து பறித்துக்கொண்டது மரணம் என்று மகன் பிறந்த வரிசையைக் கூறுகிறார். பின்னர் நோயைச் சொல்கிறார். குருதிப் போக்கால் ரோஜாவின் செம்மை குங்குமப்பூவின் மஞ்சளாக மாறியதையும், நாளுக்கு நாள் கிளைபோல் வாடி உயிர் உதிர்ந்ததையும் மருத்துவரின் கண்ணோடு குறித்துவைக்கிறார். முன்னோர் விதியைப் பாடினர். இவர் நோயுற்ற குழந்தையின் நிறத்தைப் பாடினார். அரபு மர்ஸிய்யாவில் இது பெருந்திருப்பம்.

இன்னும் இரு பிள்ளைகள் இருக்கிறார்களே என்று ஆறுதல் சொல்வோருக்கு அவர் தரும் மறுமொழி கூர்மையானது. பிள்ளைகள் நம் உறுப்புகளைப் போன்றவர்கள். கண் போனால் செவி அதன் வேலையைச் செய்யுமா, செவி போனால் கண் கேட்குமா என வினவுகிறார். எஞ்சிய சகோதரர் இருவரும் அவன் விளையாடிய இடத்தில் விளையாடும்போது அறியாமலேயே தம் நெஞ்சில் நெருப்பு வைக்கிறார்கள் என்கிறார். பிள்ளையை இழந்த எந்த வீட்டிலும் இந்தக் காட்சி உண்டு. இருக்கும் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் இல்லாத பிள்ளை தெரிவதும், அந்த எண்ணத்துக்காக இருக்கும் பிள்ளையிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்பதும் பெற்றோர் வெளியே சொல்லிக்கொள்ளாதவை. அவர் சொல்லிவிட்டார்.

சமயப் பற்றுடைய வாசகரை இடறவைக்கும் இடம் ஒன்று இப்பாடலில் உண்டு. பிள்ளையை இழந்து பொறுத்தவருக்குரிய நற்கூலியைப் பெறுவதற்காக அவனை விற்றதில் தமக்கு மகிழ்ச்சியில்லை, அக்கூலி நிலையான சுவனமே ஆயினும் இல்லை என்கிறார் கவிஞர். உடனே திருத்தியும் கொள்கிறார்: தாம் மனமுவந்து விற்கவில்லை, தம்மிடமிருந்து பறிக்கப்பட்டது என்கிறார். இது ஈமானுக்கு ஒவ்வாத துணிச்சல் என ஒதுக்குவோர் ஒருபுறம். மதத்தின் கட்டை அறுத்த மனிதக் குரல் எனக் கொண்டாடும் நவீன விமர்சகர் மறுபுறம். இரு சாராரும் அந்த 'விற்றல்' என்னும் சொல்லைச் சரியாகக் கேட்கவில்லை என்பது நம் கருத்து.

இறைவனின் கூலியை எதிர்பார்த்துத் துன்பத்தைப் பொறுப்பதை 'இஹ்திஸாப்' என்கிறோம். அச்சொல்லின் வேர் 'ஹிஸாப்', அதாவது கணக்கு. அது பக்தி மிகுந்த சொல். ஆனால் அயலார் வாயில் எளிதில் வணிகச் சொல்லாகிவிடும். பிள்ளை போனான், அதற்கு ஈடாக இது கிடைக்கும் என்று பிறர் கணக்குச் சொல்லும்போது, பெற்றவருக்கு அது விலைபேசுவதாகவே கேட்கிறது. இப்னுர் ரூமீ மறுப்பது சுவனத்தை அன்று. மகனை விலைப்பொருளாக்கும் அந்தப் பேச்சை. தம் இழப்புக்குத் தாமே பொருந்திக் கையொப்பமிட்டதாகச் சொல்லப்படுவதை அவர் ஏற்கவில்லை.

இங்கு உம்மு ஸுலைம் (ரலி) அவர்களின் புகழ்பெற்ற நிகழ்ச்சியை ஒப்பிடலாம். கணவர் அபூ தல்ஹா (ரலி) வெளியே சென்றிருந்தபோது மகன் இறந்தான். கணவர் திரும்பியதும் உடனே சொல்லாமல் அவருக்கு உணவளித்து இளைப்பாறச் செய்த பின்னரே, இரவல் கொடுத்தவர் தம் பொருளைத் திருப்பிக் கேட்டால் மறுக்கலாமா என வினவி, மரணச் செய்தியைத் தெரிவித்தார். இது நம் மேடைகளில் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது. இதைக் கேட்ட அபூ தல்ஹா கோபமுற்றார் என்று ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள பகுதியைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். தந்தையின் கோபமும் அந்த வரலாற்றின் ஒரு பகுதியே. அவ்வம்மையார் கையாண்ட சொல் 'இரவல்' என்பதும் கருதத்தக்கது. இரவலுக்கு விலை இல்லை. திருப்பித் தருவதில் இலாபமும் இல்லை. உரியவரிடம் பொருள் போய்ச் சேர்ந்தது என்பது மட்டுமே உண்டு. ஆக, அந்தத் தாயும் பிள்ளையை விற்கவில்லை. பொறுமையின் வடிவமாகப் போற்றப்படும் பெண்மணியும், துணிச்சலுக்காகக் குறைகூறப்படும் கவிஞரும் நாம் நினைப்பதைவிட அண்மையில் நிற்கிறார்கள்.

விண்மீனும் குழந்தையும்

ஹிஜ்ரி 416இல் (1025) கெய்ரோச் சிறையில் கொல்லப்பட்ட அபுல் ஹஸன் அத்திஹாமீ, தம் சிறு மகனுக்காகப் பாடிய 'ரா' இயைபுப் பாடல் இப்னுர் ரூமீயின் பாடலைவிட மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவது. வைகறை விண்மீனைப் போன்ற குறுகிய ஆயுள், முழுமதியாகும் முன்னரே கிரகணமுற்ற இளம்பிறை என அவர் அடுக்கும் உவமைகள் அழகானவை. தாம் பகைவரின் அண்டையில் இருக்க, மகன் தன் இறைவனின் அண்டையில் இருக்கிறான் என்று இரு அண்டைகளையும் எதிரெதிர் நிறுத்தும் கருத்துக்காகவே அவர் மன்னிக்கப்பட்டார் என ஒரு கனவுச் செய்தியும் சொல்லப்படுகிறது.

ஆயினும் இப்பாடலில் குழந்தை ஒளியில் கரைந்துவிடுகிறது. விண்மீன் தெரிகிறது, பிள்ளை தெரியவில்லை. உலகின் நிலையாமை பற்றிய நீதிமொழிகளும், பின்னர்த் தம்மீது பொறாமை கொண்டோரைப் பற்றிய பேச்சும், தற்பெருமையும் வந்து சேர்கின்றன. மகனுக்காகப் பாட வந்தவர் பகைவரோடு பேசிக்கொண்டு முடிக்கிறார். இதைக் கல்நெஞ்சம் என்று தள்ளிவிடலாகாது. ஆண் அவையில் அழுவதற்கு ஒரு மதிப்பான வழி வேண்டியிருந்தது. நீதியும் வீறாப்பும் அந்த வழிகள். நம் ஊர்களிலும் மகனை அடக்கம் செய்து திரும்பிய தந்தை, வந்தவர்களிடம் கபர்க்குழியின் ஆழத்தைப் பற்றியும் ஆம்புலன்ஸ் வரத் தாமதமானதைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறோம். அதுவும் துயரத்தின் பேச்சே.

ஆறுதல் நூல்கள்

1347–49ஆம் ஆண்டுகளில் எகிப்தையும் ஷாமையும் சூறையாடிய பெருங்கொள்ளைநோயும், தலைமுறைதோறும் அது மீண்டும் மீண்டும் வந்ததும், பிள்ளையை இழந்தோருக்கு ஆறுதல் கூறும் தனி நூல்களைப் பெருகச் செய்தன. அல்-மன்பிஜீ (ஹி. 785/1383), அஸ்ஸகாவீ (ஹி. 902/1497), அஸ்ஸுயூத்தீ (ஹி. 911/1505) முதலியோரின் நூல்கள் இவ்வகையின. பிள்ளைகளை இழப்பதன் இலாபங்களால் ஈரல்கள் ஆறுதலடைதல் என்னும் பொருள்பட அஸ்ஸகாவீ தம் நூலுக்குப் பெயரிட்டார். இப்னுர் ரூமீ மறுத்த வணிகச் சொல் ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு நூலின் நெற்றியிலேயே அமர்ந்திருக்கிறது!

ஆனால் தலைப்பை வைத்து நூலைத் தீர்ப்பிடுவது முறையாகாது. அஸ்ஸகாவீ தாமே பிள்ளைகளை இழந்தவர். அவருடைய ஆசிரியர் இப்னு ஹஜர் அல்-அஸ்கலானீ (ஹி. 852/1449), கொள்ளைநோயில் தம் புதல்வியர் மூவரைப் பறிகொடுத்தவர், அந்நோயைப் பற்றித் தனி நூலே எழுதியவர். இந்நூல்களில் கூலி பற்றிய ஹதீஸ்களோடு அண்ணலாரின் கண்ணீர் பற்றிய ஹதீஸ்களும், பெற்றோரின் இரங்கற்பாக்களும் அருகருகே தொகுக்கப்பட்டன. இழந்தவர் தமக்குத் தாமே திரட்டிக்கொண்ட ஆறுதல் அவை. அதே கூற்றை இழக்காத ஒருவர் இழந்தவரிடம் கொண்டுபோய்ச் சொல்லும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது.

இந்நூல்கள் வரலாற்றுக்கும் பெருந்துணை புரிந்துள்ளன. இடைக்கால மக்கள் குழந்தைகள் மிகுதியாக இறந்தமையால் அவர்கள்மீது ஆழ்ந்த பற்று வைக்கவில்லை என்னும் கருத்து, பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஆரியெஸ் 1960இல் வெளியிட்ட நூலையொட்டிப் பரவலாயிற்று. முஸ்லிம் சமூகத்தைப் பொறுத்தவரை அது பொருந்தாது என்பதை ஆறுதல் நூல்களையே சான்றாகக் கொண்டு அவ்னர் கிலாதி 1992இல் வெளிவந்த தம் ஆய்வில் காட்டினார். பற்று இல்லாதிருந்தால் இத்தனை ஆறுதலுக்குத் தேவை எங்கே இருந்து வந்திருக்கும்?

தாயின் குரல் எங்கே?

இதுவரை நாம் பேசியவர் அனைவரும் தந்தையர். இழப்பில் தாய் முதலில் நிற்கிறாள். ஏடுகளில் கடைசியில் நிற்கிறாள். பெண்களின் இரங்கற்பாக்கள் அரபு மொழியில் ஏராளம் உண்டு. எனினும் அவற்றில் பெரும்பாலானவை போரில் வீழ்ந்த சகோதரரையும் தந்தையரையும் பாடியவை. குலத்தின் புகழுக்குப் பயன்பட்டமையால் காப்பாற்றப்பட்டவை.

அல்-கன்ஸா (ரலி) இதற்குத் தெளிவான சான்று. சகோதரர் ஸக்ரையும் முஆவியாவையும் பாடி அரபு இரங்கற்பாவின் முதல்வியாகப் போற்றப்பட்டவர். காதிஸிய்யாப் போரில் தம் மைந்தர் நால்வரும் ஷஹீதானபோது, அவர்களின் வீரமரணத்தால் தம்மைக் கண்ணியப்படுத்திய இறைவனைப் புகழ்ந்தார் என்று மரபு கூறுகிறது. அந்தக் கூற்று நம் பாடநூல்கள்வரை வந்துவிட்டது. அந்நால்வருக்காக அவர் பாடியதாகப் பெயர்பெற்ற மர்ஸிய்யா ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. ஸக்ருக்காக ஆயுள் முழுதும் அழுதவர் பெற்ற மைந்தருக்காக ஒரு கண்ணியும் பாடவில்லையா, அல்லது முன்மாதிரியான ஒரு வாசகம் கிடைத்துவிட்டபின் மற்றவை தேவையில்லை என விடப்பட்டனவா? விடை கிடைக்காத கேள்வி இது. ஆனால் கேட்காமலேயே கடந்துபோவது அந்தத் தாய்க்கு நாம் செய்யும் நீதியன்று.

அபூ தம்மாமின் ஹமாஸாத் தொகுப்பில் ஒரு சிறு பாடல் இருக்கிறது. பாலைக் கொள்ளையனான ஸுலைக்கின் தாய் பாடியது என்பர். வேறொரு வீரனின் தாய்க்கு உரியது என்பாரும் உளர். பிழைப்புத் தேடி அலைந்து மாண்ட மகனை நோக்கி, எது உன்னைக் கொன்றது என்று அத்தாய் கேட்கிறாள். பார்க்க ஒருவருமின்றி நோயில் கிடந்தாயோ, பகைவன் வஞ்சித்தானோ என்கிறாள். உன் இடத்தில் நான் போயிருக்கலாகாதா என்கிறாள். அபூ துஐபின் நெடும்பாடலில் மரணம் எத்தகையது என்பதற்கு விடை இருக்கிறது. இந்தத் தாயிடம் கேள்வி மட்டுமே இருக்கிறது. நோயில் யார் அருகிருந்தார் என்பதே அவளுக்குத் தெரியவேண்டியது. தாய்மாரின் துயரம் சிறு விவரங்களைப் பற்றிக்கொண்டு நிற்கும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேடவேண்டியதில்லை.

அச்சில் தன் பெயரோடு பேசிய தாயைக் காண நாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வரவேண்டியிருக்கிறது. எகிப்தியக் கவிஞர் ஆயிஷா தைமூரிய்யா (1840–1902) அரபு, துருக்கி, பாரசீகம் ஆகிய மும்மொழியிலும் பாடியவர். மகள் தவ்ஹீதா பதினெட்டு வயதில் இறந்தாள். தாய் பல்லாண்டுகள் துக்கத்தில் மூழ்கினார். அழுது அழுது கண்பார்வை பாதிக்கப்பட்டது என்பர். மகளுக்காக அவர் பாடிய அரபு மர்ஸிய்யா, அதற்குமுன் வந்தவற்றில் நாம் காணாத ஒன்றைச் செய்கிறது: இறக்கும் பிள்ளைக்குப் பேச வாய்ப்பளிக்கிறது.

நோன்பு மாதத்தில் மரணம் தன் கிண்ணத்தைச் சுற்றுக்கு விட்டது என்கிறார். மருத்துவர் வந்து குணமாகும் என்று நம்பிக்கை தருகிறார். மகள் அதை நம்பவில்லை. அவள் தாயை அழைத்து, மருத்துவம் பயனற்றுப்போனதைத் தானே சொல்கிறாள். தன் திருமணத்துக்காகத் தைத்துவைத்த சீர்வரிசையை நினைவாக வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறாள். தாய் மறுமொழி கூறுகிறார். ஆறுதல் சொல்ல வேண்டிய தாய் அழ, இறப்பவள் தேற்றுகிறாள். தந்தையர் கவிதையில் விதியும் விண்மீனும் நின்ற இடத்தில் இங்கே மணப்பெண்ணின் உடைகள் நிற்கின்றன. நம் உறவுப் பெண்மணியின் மடியிலிருந்த பள்ளிச் சட்டைக்கு இலக்கியத்தில் ஓர் உறவு இருக்குமானால், அது இந்தச் சீர்வரிசைதான்.

தைமூரிய்யாவின் மொழி பழைய மரபின் அணிகளைச் சுமந்தது. கண்ணீர்க் கடலும் கொடுங்காலமும் அதிலும் உண்டு. அவை அவருக்குத் தடையாயின என்று நாம் கருதவில்லை. தந்தையர் வகுத்த மொழிக்குள் நுழைந்து, அதில் ஒரு தாயும் மகளும் தனியே பேசிக்கொள்ள ஓர் அறையை அவர் கட்டிக்கொண்டார்.

தடுக்கப்பட்டது எது?

பெண்களின் இரங்கலை மார்க்கம் தடுத்ததே என்று கேட்கப்படலாம். தடுக்கப்பட்டது 'நியாஹா' எனும் ஒப்பாரிச் சடங்கு. கன்னத்தில் அறைந்து, ஆடையைக் கிழித்து, அறியாமைக் காலத்துக் கூக்குரல் எழுப்புவதை ஹதீஸ்கள் தெளிவாகக் கண்டிக்கின்றன. அந்தத் தடையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. கண்ணீரும் நெஞ்சின் துயரும் வரம்புக்குட்பட்ட சொல்லும் அந்தத் தடைக்குள் அடங்கா என்பதற்கு இப்ராஹீமின் மரணவேளையே சான்று.

கபரருகே அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணைக் கடந்து சென்ற அண்ணலார் (ஸல்), இறைவனை அஞ்சிப் பொறுமை கொள்ளுமாறு கூறினார்கள். அவள் தன் குழந்தைக்காக அழுதாள் என்கிறது முஸ்லிமின் அறிவிப்பு. பேசுபவர் யாரென அறியாத அவள், என் துன்பம் உமக்கு நேரவில்லையே, விலகிச் செல்லும் என்றாள். அவர்கள் விலகிச் சென்றார்கள். பின்னர் அவளே உண்மையறிந்து தேடிவந்தபோது, பொறுமை என்பது முதல் அதிர்ச்சியின்போதே என்று விளக்கினார்கள். இந்த இறுதி வாசகத்தை நாம் மனனம் செய்திருக்கிறோம். அவள் விலகச் சொன்னதும் ஒரு சொல்லும் மறுத்துரைக்காமல் அவர்கள் விலகியதை மனத்தில் இருத்தவில்லை. பல பிள்ளைகளை இழந்த தந்தையே அந்தப் பெண்ணின் சினத்தைப் பொறுத்துக்கொண்டார்.

திருக்குர்ஆனும் ஒரு தந்தையையும் ஒரு தாயையும் காட்டுகிறது. அழகிய பொறுமை என்று தம் வாயாலேயே கூறிய யஃகூப் (அலை), துயரத்தால் கண்கள் வெளுத்துப்போகும்வரை யூசுஃபை எண்ணிக் கலங்கினார். கண்டித்த மக்களிடம், தம் முறையீடு இறைவனிடம் மட்டுமே என்றார். மூஸா (அலை) அவர்களின் அன்னையோ, குழந்தையை ஆற்றில் விட்டபின் நெஞ்சம் வெறுமையாகி, உண்மையை வெளியிட்டுவிடும் நிலைக்கு வந்துவிட்டார். இறைவனே அவர் உள்ளத்தைக் கட்டிக் காத்தான். பொறுமை தந்தையின் கண்ணீரோடு சேர்ந்தே இருக்கிறது. தாயின் உள்ளத்தை உறுதிப்படுத்தியவனும் இறைவனே, அக்கம்பக்கத்தார் அல்லர்.

இன்று மரணச் செய்தி கைப்பேசியில் வருகிறது. ஒரே இரங்கல் வாசகம் நூறு பேரிடமிருந்து நொடியில் போய்ச் சேர்கிறது. அந்த வாசகம் உயர்ந்தது. ஆனால் அதை முதலில் சொல்ல வேண்டியவர் இழந்தவரே. உடனிருப்போர் செய்யத்தக்கது வேறொன்று உண்டு. பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்பது, அவன் எப்படி இருந்தான் என்று பேசவிடுவது, பேசும்வரை அருகிருப்பது. அல்-மன்சூர் வேண்டி நின்றதும் அதுதான்.

அந்தப் பெண்மணியை அண்மையில் நாம் மீண்டும் சந்தித்தோம். தயக்கத்தோடு மகனின் பெயரைச் சொல்லி, அவனுக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, கணக்கு வராது, படம் வரைவான் என்றார். அதன்பின் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அவர் பேசிக்கொண்டிருந்தார்.